வாசல் வரை வந்தவர் திரும்பலாமா?

பதுளையிலிருந்து மலை இறங்கிக் காடு கடந்து வரும் நெடுவீதி முடிவடையும் இடம் செங்கலடிச் சந்தி. மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே செல்வோரும், உட்புறச் சிற்றூர்களிலிருந்து அலுவலகங்களுக்கும் சந்தைக்கும் வருவோரும் அங்கே ஒருவரையொருவர் காண்பது வழக்கம். சிறிது தூரத்தில் வந்தாறுமூலையும் அங்கே கிழக்குப் பல்கலைக்கழகமும் இருப்பதால், புதிய மாணவர் வந்து சேரும் நாட்களில் இச்சந்திக்கு ஒரு தனிக்களை வந்துவிடும். தோளிற் பையும் கையிற் பாயும் தலையணையுமாகப் பிள்ளைகள் பேருந்திலிருந்து இறங்குவார்கள். பின்னாலே தந்தையோ தாயோ மாமனோ, சான்றிதழ்க் கோப்பை மார்போடு அணைத்தபடி இறங்குவார். அந்த முகங்களிலே தோன்றும் பெருமிதத்தைக் காண்பதற்காகவே நாம் சில வேளைகளிற் சந்தியிற் சற்று நேரம் நின்றதுண்டு.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியதோ, அதே சந்தியில் நாம் கண்ட வேறொரு முகம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், ஆணியும் கீல்களும் வாங்குவதற்காகச் சந்தியிலுள்ள கடையொன்றுக்குச் சென்றோம். சீமெந்துப் பையைத் தோளிலே தூக்கிவந்த இளைஞர் எம்மைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் எம்மிடம் கற்றவர். உயர்தரப் பரீட்சையிற் சிறப்பாகத் தேறித் தூரத்துப் பல்கலைக்கழகமொன்றுக்குத் தெரிவானவர். அவரை வழியனுப்பியபோது எமது கல்லூரியில் ஒரு சிறு தேநீர் விருந்தும் நடந்தது. அது நடந்து மூன்று மாதங்கூட ஆகவில்லை.

“தம்பி, நீர் ஏன் இங்கே? விடுமுறையா?” என்று கேட்டோம்.

“இல்லை, சேர். படிப்பை விட்டுவிட்டேன்” என்றார். அதற்கு மேல் ஒன்றுஞ் சொல்லவில்லை. சீமெந்துப் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

ஒரு கையெழுத்தின் கதை

அன்று மாலை அவருடைய வீட்டுக்குச் சென்றோம். படுவான்கரையில் வயல்களின் நடுவே அமைந்த சிறிய வீடு. தாயார் பிறர் வயலிற் கூலிக்கு வேளாண்மை வேலை செய்பவர். மகன் நடந்தவற்றை மெல்ல மெல்லக் கூறினார். விடுதியில் இடம் கிடைக்கத் தாமதமாயிற்றாம். நால்வர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறையில் இவர் பங்கு இரண்டு மாதம் நிலுவையாகிவிட்டதாம். உதவிப் பணம் வந்தவுடன் தருவதாகச் சொல்லிச் சொல்லி நாவும் கூசிவிட்டதாம். உடன் படித்தவர்களுக்குப் பணம் வந்தது, இவருக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவரிடமும் கேட்கவும் துணிவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு பேருந்தேறி வீட்டுக்கு வந்தவர், திங்கட்கிழமை திரும்பிப் போகவில்லை.

பணம் வராததன் காரணத்தை, நாம் கேட்டுப் பார்த்த பின்னரே அறிந்தோம். விண்ணப்பப் படிவத்திலே தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘விவசாயம்’ என்று எழுதப்பட்டிருந்தது. அவருடைய வருமானத்துக்குச் சான்று இணைக்கப்படவில்லை. ஆதலால் விண்ணப்பம் நிறைவுபெறாத கட்டுக்குள்ளே கிடந்தது. தந்தையோ 2007 ஆம் ஆண்டு இடப்பெயர்வுக் காலத்திற் காணாமற் போனவர். பிள்ளைக்கு அப்போது நான்கு வயது.

“இல்லாதவர் என்று ஏன் எழுதவில்லை, அம்மா?” என்று தாயாரைக் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பின், “இறந்தவர் என்று என் கையால் எப்படி எழுதுவேன், ஐயா?” என்றார்.

எமக்கு விடை கூறத் தெரியவில்லை. இறந்தவர் என எழுத வேண்டியதில்லை என்பதும், காணாமற் போனவர் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழைக் குடும்பத்தார் பெற்றுக்கொள்ள 2016 ஆம் ஆண்டின் சட்டம் இடமளித்திருக்கிறது என்பதும், கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஒன்றினாலேயே தொடக்க நிலையிற் பல தடைகள் நீங்கக்கூடும் என்பதும் அந்தத் தாய்க்கு யாராலும் சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டியவர்களுள் நாமும் ஒருவர். பரீட்சை முடிவு வெளியாகி, பெயர்ப்பலகையிற் பெயரும் எழுதிவிட்டால் ஆசிரியரின் கடமை தீர்ந்தது என்றே நாமும் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை அன்றிரவு உணர்ந்தோம்.

இலவசக் கல்வி எதுவரை?

இந்நாட்டிலே பல்கலைக்கழகக் கல்வி இலவசம் என்பது யாவரும் அறிந்ததே. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் பெருமுயற்சியால் 1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளும் உயர்ந்த கல்வி பெற வேண்டுமென்று அவர் நாடெங்கும் நிறுவச் செய்த மத்திய கல்லூரிகளுள் ஒன்றே வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயம். அக்கல்லூரியின் வளவிலேதான் 1981 ஆகஸ்ட் 1 ஆம் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. 1986 அக்டோபர் 1 ஆம் திகதி கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கென எழுந்த பள்ளியின் மண்ணிலேயே ஒரு பல்கலைக்கழகம் முளைத்தது என்பதை நினைக்கும்போது உள்ளம் நெகிழ்கிறது.

ஆயினும் இலவசம் என்பது விரிவுரை மண்டபத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே சென்று கேட்பதற்குக் கட்டணமில்லை. ஆனால் அங்கு செல்லும்வரை உண்ண வேண்டும், உறங்க வேண்டும், உடுக்க வேண்டும், பயணஞ் செய்ய வேண்டும். குறிப்புகளைப் பிரதி எடுக்க வேண்டும். இக்காலத்திலே மடிக்கணினியின்றிப் பல பாடங்களைக் கற்கவும் இயலாது. 2020 ஆம் ஆண்டின் நோய்த்தொற்றுக் காலத்தில், கைபேசியிற் சமிக்ஞை தேடி வயல் வரம்பிலும் மரத்தடியிலும் அமர்ந்து விரிவுரை கேட்ட பிள்ளைகளை நாம் கண்டோம். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியோ இன்னும் கொடியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலை ஓராண்டில் 94.9 வீதம் உயர்ந்திருந்தது. வீட்டிலிருப்போர் ஒரு வேளைச் சோற்றைக் குறைத்து அனுப்பிய பணத்தில், விடுதியிலிருந்த பிள்ளையும் ஒரு வேளையைக் குறைத்துக்கொண்டது.

மட்டக்களப்பு மாவட்டம் கல்வி வசதிகளிற் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றெனக் கருதப்பட்டு, பல்கலைக்கழக அனுமதியிற் சிறு சலுகையும் பெறுகின்றது. அனுமதிக்குச் சலுகை தந்த அரசு, அனுமதி பெற்றவர் அங்கே நிலைத்து நிற்பதற்கும் சில வழிகளை வகுத்திருக்கிறது. ஆனால் அவ்வழிகளை அறிந்த குடும்பங்கள் சிலவே.

முன்னோர் அறிந்த உண்மை

மாணவனுக்குப் பாடத்தோடு சோறும் வேண்டும் என்பது புதிய கண்டுபிடிப்பன்று. முதலாம் இராசேந்திர சோழன் காலத்திலே, தென்னார்க்காட்டு எண்ணாயிரம் என்னும் ஊர்க் கோயிலைச் சார்ந்த கல்லூரியில் வேதமும் இலக்கணமும் பிறவும் கற்ற 340 மாணவர்க்கு நாள்தோறும் இவ்வளவு நெல் என அளந்து கொடுக்கப்பட்டதை அவ்வூர்க் கல்வெட்டு கூறுகின்றது. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டோ, அங்கு பயின்ற மாணவர்க்கு உணவோடு, சனிக்கிழமைகளில் தலைக்குத் தேய்க்க எண்ணெயும் வகுத்தமையைக் குறிப்பிடுகின்றது. தாயைப் பிரிந்து வந்த பிள்ளைக்குச் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கும் வேண்டும் என்று கல்லிலே எழுதிவைத்தவர்கள் எத்துணை நுட்பமாக எண்ணியிருக்கிறார்கள்! அக்கல்வி எல்லாக் குலத்தார்க்கும் திறந்திருக்கவில்லை என்பது வேறு. ஆயினும் கற்பவனின் வயிற்றுக்கு ஊர் பொறுப்பு என்ற கொள்கையை நாம் ஏற்றுக்கொள்ளலாம்.

அண்மைக் காலத்தில் அக்கொள்கையை எல்லார்க்கும் உரியதாக்கியவர்கள் பலர். 1905 ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூரில் வறிய மாணவர்க்கென இராமகிருஷ்ண இயக்கத்தாரின் மாணவர் இல்லம் தோன்றிற்று. 1922 ஆம் ஆண்டு சென்னை இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்த எம் காரைதீவுப் பெருமகனார் விபுலாநந்த அடிகள், மட்டக்களப்புக்கு மீண்டதும் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை 1929 இல் நிறுவினார். பள்ளியோடு ஆதரவற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இல்லமும் அவர் பணிகளுள் ஒன்றாயிற்று. பின்னாளில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1943 இல் அமர்ந்தவரும் அவரே. பேராசிரியர் பீடத்தையும் பிள்ளைகள் உண்ணும் பந்தியையும் வேறுவேறாக அவர் எண்ணவில்லை.

இன்று உள்ள உதவிகள்

இனி, இன்று நம் பிள்ளைகளுக்கு உள்ள உதவிகளை நோக்குவோம். பெற்றோர் இப்பகுதியை நறுக்கி வைத்துக்கொள்வது நன்று.

முதலாவது, மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில். வர்த்தக அமைச்சராயிருந்த லலித் அத்துலத்முதலி அவர்களின் எண்ணத்தில் உதித்து, 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தால் நிதியமாக அமைந்தது இது. மகாபொலக் கண்காட்சிகளும் லொத்தர் வருமானமும் இதற்கு ஊற்றாயின. சிறு பகுதியினர் பரீட்சைத் திறமையினாலும், பெரும்பகுதியினர் குடும்ப வருமானத்தின் குறைவினாலும் தெரிவு செய்யப்படுகின்றனர். 2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் மாதத் தவணை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

இரண்டாவது, பர்சரி என வழங்கும் உதவுதொகை. மகாபொல கிடைக்காத, ஆயினும் வருமானங் குறைந்த மாணவர்க்குப் பல்கலைக்கழகத்தின் வழியாகக் கிடைப்பது. அதே வரவு செலவுத் திட்டம் இதனை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாக உயர்த்தியது. இதற்குக் குடும்ப வருமானத்தோடு, படித்துக்கொண்டிருக்கும் உடன்பிறந்தோரின் தொகையும் கருதப்படும். ஆதலால் மகாபொலப் பட்டியலிற் பெயரில்லை என்று கண்டதும் மனமுடைந்து வீட்டுக்கு வரக்கூடாது. அடுத்த வாசலைத் தட்ட வேண்டும்.

இவ்வுதவிகள் ஆண்டுக்குப் பத்துத் தவணைகளாக வழங்கப்படுவன என்பதையும் குடும்பத்தார் நினைவிற்கொள்ள வேண்டும். 7,500 ரூபாவை முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 250 ரூபாவே வரும். அது முழுச் செலவுக்குப் போதாது என்பது உண்மை. ஆனால் ஒரு பிள்ளை படிப்பைத் தொடர்வதற்கும் கைவிடுவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு பல வேளைகளில் அந்த 250 ரூபாவாகவே இருக்கிறது. விரிவுரைகளுக்கு ஒழுங்காகச் செல்லாதவருக்கும் பரீட்சையிற் சித்தியெய்தாதவருக்கும் கொடுப்பனவு நின்றுபோகலாம். பல்கலைக்கழகங்களிற் பொதுவாக எதிர்பார்க்கப்படும் வரவு 80 வீதம்.

மூன்றாவது, விடுதி. வெளியில் அறைக்குக் கொடுக்கும் வாடகையோடு ஒப்பிட்டால் பல்கலைக்கழக விடுதிக் கட்டணம் மிகச் சிறிது. எல்லார்க்கும் எல்லா ஆண்டும் இடம் கிடைப்பதில்லை. வீட்டின் தூரமும் வறுமையும் கருதப்படுவதால், அவற்றை விண்ணப்பத்திலே தெளிவாக எழுதுவது இன்றியமையாதது.

நான்காவது, மனிதர்கள். ஒவ்வொரு பீடத்திலும் மாணவர் ஆலோசகர்களாக விரிவுரையாளர் சிலர் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். மாணவர் நலத்துக்கென ஓர் அலுவலகமும் சுகாதார நிலையமும் உண்டு. பணக் கஷ்டம், நோய், வீட்டில் மரணம், மனச்சோர்வு ஆகிய யாவற்றையும் அவர்களிடம் கூறலாம். மூத்த மாணவரின் கொடுமையினாற் படிப்பை விட எண்ணுவோரும் உளர். அப்பகிடிவதையை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

இவையன்றி, பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெற்றும் இடம் கிடைக்காதவர், அங்கீகாரம் பெற்ற அரசுசாராக் கல்வி நிறுவனங்களிற் பட்டம் பயில 2017 ஆம் ஆண்டில் வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்றும் தொடங்கப்பட்டது. இது கடன், பின்னர் திருப்பிச் செலுத்த வேண்டியது என்பதை உணர்ந்தே கையொப்பமிட வேண்டும்.

கோப்பு ஒன்று தயாராகட்டும்

உதவி கிடைக்காமற் போவதற்குப் பெருங் காரணம், தகுதியின்மையன்று. தாள்களின் குறைபாடே என்பது நாம் கண்டறிந்த அனுபவம். ஆகவே உயர்தரப் பரீட்சை முடிவு வந்தவுடனேயே வீட்டில் ஒரு கோப்பைத் தயாரிக்கத் தொடங்குங்கள்.

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பெற்றோரின் வருமானத்துக்கான கிராம உத்தியோகத்தரின் சான்று, அதன்மேற் பிரதேச செயலகத்தின் உறுதிப்படுத்தல், உடன்பிறந்தோர் படிக்கும் பாடசாலைகளின் கடிதம், அஸ்வெசும போன்ற நலத்திட்டத்திற் பயன்பெறுவோராயின் அதற்கான ஆதாரம், மாணவரின் பெயரில் வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவை அதிலிருக்கட்டும். தந்தை அல்லது தாய் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ்; பிரிந்து வாழ்ந்தால் அதனை உறுதிப்படுத்தும் கடிதம்; காணாமற் போயிருந்தால் அதற்குரிய சான்று. ஒவ்வொன்றிலும் மூன்று பிரதிகள் எடுங்கள். ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச செயலகம் செங்கலடியிலேயே இருக்கின்றது. இப்பகுதியார் ஒரு நாட் கூலியை இழந்தாலும் பரவாயில்லையென்று ஒரு முறை சென்று, எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்து வருவது பின்னாளிற் பல நாட் கூலியை மிச்சப்படுத்தும்.

பல்கலைக்கழகத்தில் பதிவு செய்தபின் விண்ணப்பத்தின் பிரதியையும், ஒப்படைத்த திகதியையும் குறித்து வைக்க வேண்டும். உடன் படிப்போருக்குப் பணம் வந்து தமக்கு வராவிடின், மறுநாளே அலுவலகத்துக்குச் சென்று காரணத்தைக் கேட்க வேண்டும். கேட்கும்போது கையில் அந்தப் பிரதி இருக்க வேண்டும்.

கடினமானவை முதல் மாதங்களே

எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், முதல் தவணைப் பணம் கைக்கு வந்து சேரச் சில மாதங்கள் செல்வதுண்டு. அறை முற்பணம், விரிப்பு, உடை, பேருந்துக் கட்டணம் எல்லாம் வந்து குவிவதும் அந்த மாதங்களிலேதான். ஆற்றிலே பாலம் இருக்கிறது. ஆனால் பாலத்துக்கு ஏறும் படியைக் காணோம் என்ற நிலைமை இது.

இந்த இடைவெளியைக் கடப்பதற்காகச் சில தாய்மார் நுண்கடன் வாங்குகிறார்கள். வாரந்தோறும் வாசலுக்கு வந்து நிற்கும் தவணைக்காரர், பிள்ளைக்கு உதவிப் பணம் வரும்வரை காத்திருக்க மாட்டார். ஒரு கடனைத் தீர்க்க இன்னொரு கடன் என்று வளர்ந்து, ஈற்றிலே அந்தத் தாய் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் புறப்படுவதையும் நாம் கண்டிருக்கிறோம். காதிலுள்ள தோட்டை அடகு வைப்பதாயினும் அறிந்த இடத்தில், மீட்கும் நாளைக் கணக்கிட்டு வைக்க வேண்டும். பிள்ளையின் படிப்புக்காக வாங்கிய கடனே பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடக்கூடாது.

இவ்விடைவெளியை நிரப்ப ஊரால் முடியும். ஒரு கணக்கைச் சொல்கிறோம். சீட்டுப் பிடிப்பது எமது ஊர்களிற் புதிய வழக்கமன்று. வசதியுள்ள 20 குடும்பங்கள் மாதம் 1,000 ரூபா வீதம் ஓராண்டு சேர்த்தால் 240,000 ரூபாவாகும். புதிதாகப் பல்கலைக்கழகம் செல்லும் நால்வருக்கு, மாதம் 20,000 ரூபா வீதம், மிகக் கடினமான முதல் மூன்று மாதங்களுக்கு அது போதும். கோயில் நிர்வாகமோ, வாசிகசாலையோ, பழைய மாணவர் சங்கமோ இதனைப் பொறுப்பேற்கலாம். கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும். பெற்றவரின் பெயரோ வெளிப்படையாக இருக்கக்கூடாது. மேடையில் ஏற்றி மாலையிட்டு, புகைப்படமெடுத்து, கையிற் காசோலை கொடுக்கும் வழக்கத்தை நாம் அறவே வெறுக்கிறோம். பத்தொன்பது வயதுப் பிள்ளையின் வறுமையை ஊருக்குக் காட்டிக் கொடுக்கும் பணம், அடுத்த முறை அந்தப் பிள்ளையைக் கேட்கவிடாமற் செய்துவிடும்.

கேட்பது இழிவாகுமா?

இங்கேதான் இவ்விஷயத்தின் வேர் இருக்கின்றது. எம் மாணவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து விரட்டியது வறுமை மட்டுமன்று. வறுமை அவருக்குப் பிறந்த நாள் முதற் பழக்கமானது. கேட்பதற்கிருந்த கூச்சமே அவரைப் பேருந்தேற்றி அனுப்பிற்று.

“ஒருவரிடமும் கைநீட்டாமல் வளர்த்தேன்” என்று எம் தாய்மார் பெருமையோடு கூறுவதுண்டு. அது நல்ல பெருமையே. ஆனால் மகாபொலக்கு விண்ணப்பிப்பது கைநீட்டுவதன்று. நாட்டு மக்கள் யாவரும் சேர்த்து வைத்த பொதுப் பொருளில், சட்டப்படி தமக்குரிய பங்கைப் பெறுவதேயாகும். ஜெர்மனி நாட்டிலே 1971 ஆம் ஆண்டு முதல் இதற்கெனச் சட்டமே உண்டு. தகுதியுள்ள பல்கலைக்கழக மாணவர்க்கு அந்நாட்டரசு கொடுப்பதிற் பாதி நன்கொடை, பாதி வட்டியில்லாக் கடன். அங்கே மாணவர் அதனைத் தம் உரிமையெனக் கேட்டுப் பெறுகின்றனர்.

பெண்பிள்ளைகள் விஷயத்திற் கூச்சம் இரட்டிப்பாகிறது. எம்மிடங் கற்ற மாணவி ஒருவரும் முதலாண்டிலேயே படிப்பை நிறுத்திவிட்டார். அறைக்குப் பணமில்லை என்று வீட்டுக்கு எழுதினால் தாய் கவலைப்படுவார் என எண்ணி, உடம்புக்குச் சுகமில்லையென்று சொல்லி வந்தவர், வந்தபடியே இருந்துவிட்டார். எமக்குச் செய்தி தெரிந்தபோது அவருக்கு மணமாகி ஓராண்டு கடந்திருந்தது. அவர் இப்போது எங்கோ நலமாகத்தான் வாழ்கிறார். ஆனால் உயர்தர வகுப்பில் இரசாயனத் தாளை எல்லோருக்கும் முன் முடித்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையின் இடம் நிரம்பவேயில்லை.

ஆதலின் மாணவர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே: விட்டுவிட்டு வருவதற்கு முன் மூன்று பேரிடம் சொல்லுங்கள். உங்கள் பீடத்து மாணவர் ஆலோசகரிடம். உங்களுக்குக் கற்பித்த பழைய ஆசிரியர் ஒருவரிடம். உடன் படிக்கும் நண்பர் ஒருவரிடம். மூவருள் ஒருவருக்கேனும் வழி தெரியும். பெற்றோருக்குக் கூறுவது: பிள்ளை தொலைபேசியிற் ‘சுகமாயிருக்கிறேன்’ என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். ‘இன்று மத்தியானம் என்ன சாப்பிட்டாய்?’ என்று கேளுங்கள். அக்கேள்விக்கு வரும் விடையிலே பல உண்மைகள் வெளிப்படும்.

ஆசிரியர்களாகிய எமக்கும் ஒரு வேலை உண்டு. இப்பொழுதெல்லாம் எமது கல்லூரியிற் பரீட்சை முடிவு வந்த வாரத்திலேயே தெரிவாகக்கூடிய பிள்ளைகளையும் பெற்றோரையும் அழைத்து, படிவங்களை ஒன்றாக இருந்து நிரப்புகிறோம். பல்கலைக்கழகம் சென்ற இரண்டாம் மாதத்தில் ஒவ்வொருவரையும் ஒரு முறை தொலைபேசியில் அழைக்கிறோம். இதற்குப் பெருஞ் செலவில்லை. ஒரு மாலைப்பொழுது போதும்.

சந்தியில் மீண்டும்

சீமெந்துப் பை சுமந்த இளைஞரின் கதையை முடிக்காமல் விட்டோம். கிராம உத்தியோகத்தர் நிலைமையை விளக்கி ஒரு கடிதம் தந்தார். தாயார் அதிலே கையொப்பமிட்டார். ‘காணாமற் போனவர்’ என்றிருந்தது, ‘இறந்தவர்’ என்றன்று. பல்கலைக்கழகத்து மாணவர் ஆலோசகருக்கு நாம் எழுதினோம். நான்கு நாளில் விடை வந்தது. மாணவர் முறைப்படி விலகிக்கொள்ளாததால் உடனே திரும்பலாம் என்று அவர் எழுதியிருந்தார். அறை நிலுவைக்கு எம் ஆசிரியர் அறையிற் பணம் சேர்ந்தது. கடை முதலாளியோ பேசிய கூலிக்கு மேலும் இரண்டு மாதக் கூலியை எண்ணிக் கொடுத்து, “படித்து முடித்துவிட்டு வந்து தா, தம்பி” என்றார்.

ஐந்து வாரம் தவறியதற்கு விலை கொடுக்க வேண்டியேயிருந்தது. வரவு குறைந்த இரு பாடங்களை அவர் மறுமுறை எழுத நேர்ந்தது. இப்போது மூன்றாம் ஆண்டிற் படிக்கிறார். சென்ற புது மாணவர் காலத்தில், தம் பல்கலைக்கழகத்துக்கு வந்த மட்டக்களப்புப் பிள்ளைகளின் விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, விடுபட்ட இடங்களை நிரப்பிக் கொடுத்தாராம். தந்தையின் தொழில் என்ற இடத்தில் எழுதத் தயங்கி நின்ற ஒரு பிள்ளையின் அருகே அமர்ந்து, என்ன எழுதலாம் என்பதைச் சொல்லிக் கொடுத்ததாகவும் எமக்கு எழுதியிருந்தார்.

அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது செங்கலடிச் சந்தியிற் பாயும் தலையணையுமாகப் பிள்ளைகள் மீண்டும் வந்து இறங்குவார்கள். வேறூர்களுக்குப் புறப்படுவோரும் அங்கே வந்து பேருந்தேறுவார்கள். அவர்களுட் சிலருடைய பையில் முதல் மாதத்துக்கு மட்டுமே பணம் இருக்கும். யாரென்று முகத்தைப் பார்த்து அறிய முடியாது. ஆகவே உங்கள் அயலிலே பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளை இருந்தால், வாழ்த்துச் சொல்வதோடு நின்றுவிடாமல், “படிவமெல்லாம் சரியாகக் கொடுத்துவிட்டாயா? முதல் பணம் வரும்வரைக்கும் கையில் என்ன இருக்கிறது?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.